ஐம்பத்து மூன்றில் மியூட்டேஷன்

1

ஒரு வார்த்தையில் ஒரு மனுஷனின் கை ஒடிந்து போனது. அந்த வார்த்தையைச் சொன்னவள் நான். இங்கே இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்து ஆஸ்பத்திரி வாசலில், காருக்குள் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னேன். கையை ஒடித்தவன் என் தம்பி கலியமூர்த்தி. வடக்கனந்தலுக்கு மேற்கே, கல்வராயன் மலையைப் பார்த்தபடி இருக்கிற எங்கள் கொல்லை நிலத்தில் வைத்து ஒடித்தான். ஒடிந்தது மாரிமுத்துவின் வலது கை. என் பங்கு நிலத்தைப் பல வருஷமாகக் குத்தகைக்குப் பயிர் செய்கிறவர் அவர். அவருக்கும் நான் சொன்ன வார்த்தைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

வருகிற ஆவணியோடு அதற்கு ஒரு வருஷம் ஆகிறது. ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்களாம். செல்வி லண்டனில் உட்கார்ந்துகொண்டு திருட்டுத்தனமாகப் பட்டா மாற்றிவிட்டாள் என்று ஒரு கதை. லீட்ஸ் என்று எத்தனை தரம் சொன்னாலும் எங்கள் ஊருக்கு இந்த நாடு முழுக்க லண்டன்தான். மாரிமுத்துதான் முதலில் அரிவாளை எடுத்தார் என்று இன்னொரு கதை. இரண்டும் பொய். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். உடம்பில் தெம்பிருக்கும்போதே எழுதிவிடுவது நல்லது.

2

நான் லீட்ஸில் பஸ் ஓட்டுகிறவள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு, கையில் ஒரு பெண் பிள்ளையோடு, எந்த வேலை கிடைக்கும் என்று பார்த்தபோது இது கிடைத்தது. குடித்துவிட்டு ஏறுகிறவன், சில்லறையை மூஞ்சியில் வீசுகிறவன், உன் நாட்டுக்குப் போடி என்கிறவன், எல்லோரையும் பார்த்தாயிற்று. அவன் இங்கிலீஷில் திட்டினால் நான் கள்ளக்குறிச்சித் தமிழில் திட்டிவிட்டுக் கதவைச் சாத்துவேன். அவனுக்குப் புரியாது, எனக்கு மனசு ஆறிவிடும்.

ஒரு நாள் வண்டியில் உட்காரும்போது தொடை இடுக்கில் என்னமோ உறுத்தியது. தடவிப் பார்த்தால் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி. எங்கள் பக்கத்தில் இதற்கு நெறி கட்டுவது என்று பேர். காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். கையில் புண் வந்தால் அக்குளில் கட்டும். புண் ஆறினால் நெறியும் கரைந்துவிடும். இதைத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது.

அதனால் நான் கட்டியை விட்டுவிட்டுப் புண்ணைத் தேடினேன். குளியலறையில் உட்கார்ந்து இரண்டு காலையும் விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தேன். குதிகாலில் ஷூ கடித்த தழும்பு ஒன்று இருந்தது. அதுதான் என்று முடிவு கட்டி, புது ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு, துணியில் உப்பை மூட்டை கட்டிச் சூடு பண்ணி ஒத்தடம் கொடுத்தேன். மாதக்கணக்கில் கொடுத்தேன். கழுத்தில் இரண்டு கட்டி எழும்பிய பிறகுதான் டாக்டரிடம் போனேன். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று அந்த அம்மாள் கேட்டதற்கு, புண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன் என்றேன். என் இங்கிலீஷில்தான் கோளாறு என்று அவள் நினைத்துக்கொண்டு இன்னொரு தரம் கேட்டாள். நானும் அதையேதான் இன்னொரு தரம் சொன்னேன்.

3

நெறி என்றாலே எனக்குத் தம்பி கலியின் கால்தான் கண்ணில் நிற்கும். எண்பதுகளின் பின்பாதி அது. எங்கள் சாதிக்குப் படிப்பிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று மறியல் நடந்துகொண்டிருந்த காலம். கேட்டதில் நியாயம் இருந்தது, இன்றைக்கும் சொல்வேன். கவர்ன்மென்ட் சம்பளம் வாங்குகிற ஒரு ஆளை எங்கள் தெருவில் வலை போட்டுத்தான் தேட வேண்டும். நான் அப்போது கள்ளக்குறிச்சிக்கு டைப்பிங் கற்றுக்கொள்ளப் போய்வந்துகொண்டிருந்தேன். கலிக்குப் பதினைந்து வயசு.

ஒரு நாள் மத்தியானம் நான் திரும்பி வந்த பஸ் நடு ரோட்டில் நின்றுவிட்டது. எதிரே மூன்று புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். ஆட்கள் கோடாலியும் தடியுமாக நின்றார்கள். முதல் கல் டிரைவரின் கண்ணாடியில் விழுந்தது. அடுத்த கல் டிரைவர் நெற்றியில் விழுந்தது. மனுஷன் ஸ்டியரிங் மேலேயே கவிழ்ந்துவிட்டார், ரத்தம் அவர் மடியில் ஊற்றியது. என் பக்கத்தில் இருந்த கிழவி பிள்ளையைக் கீழே போட்டு அதன் மேல் படுத்துக்கொண்டாள். நான் வெளியே பார்க்கிறேன், கலி கையில் கல்லோடு நிற்கிறான்.

என்னைப் பார்த்துவிட்டு அலறினான். "யக்கா! எறங்கி ஓடு! பஸ்ஸ கொளுத்தப் போறாங்க!"

இறங்கி ஓடினேன். அதற்குள் போலீஸ் வேன் வந்துவிட்டது. லத்தி எலும்பில் விழுகிற சத்தம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன், பச்சை மூங்கில் பிளக்கிற மாதிரி இருந்தது. ஓடியவர்கள் ஓடிவிட்டார்கள். விழுந்தவர்களை விழுந்த இடத்திலேயே வைத்து அடித்தார்கள். கலியின் முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் அப்படியே பிளந்துகொண்டது. கரும்புத் தோட்டத்துக்குள் தவழ்ந்து போய்த்தான் உயிர் பிழைத்தான். தூரத்தில் துப்பாக்கிச் சத்தமும் கேட்டது.

அதோடு விட்டிருந்தால் இது போலீஸ் அடித்த கதையாக இருந்திருக்கும். அன்று சாயங்காலமே எங்கள் ஆட்கள் ஒரு கும்பல் காலனிக்குள் புகுந்தது. மறியல் அன்றைக்குக் காலனிக்காரர்கள் கரும்பு ஏற்றிய வண்டியை ஓட்டிவிட்டார்களாம், அதுதான் காரணமாம். ஒதுக்கீடு கொடுக்காதது கவர்ன்மென்ட். அடித்தது போலீஸ். எரிந்தது காலனிக் கூரை. இதில் என்ன கணக்கு என்று எனக்கு அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை. முதலில் எரிந்தது அஞ்சலை வீடு. அஞ்சலை என்னோடு ஐந்தாவது வரை ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவள். உள்ளே கட்டியிருந்த ஆடுகளை அவிழ்க்க முடியவில்லை. அந்த ஆடுகள் கத்தியது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. எங்கம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

கொளுத்தியதில் கலி இல்லை. அவன் அந்த நேரத்தில் கரும்புக்குள் ரத்தம் ஒழுகக் கிடந்தான். காலில் அடி படாமல் இருந்திருந்தால் போயிருக்க மாட்டான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

போலீஸ் வீடு வீடாகத் தேட ஆரம்பித்ததும் இளவட்டங்கள் எல்லாம் மலைக்கு ஏறிவிட்டார்கள். கலியும் நொண்டிக்கொண்டே ஏறினான். கல்வராயன் மலையில் யாரோ ஒரு மலையாளிப் பழங்குடிக் குடும்பம் அவனைக் குடிசையில் வைத்துக் கூழ் ஊற்றியது. திரும்பி வரும்போது கால் சீழ் பிடித்து நாறியது. தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு நெறி. காய்ச்சலில் வாய்க்கு வந்ததை உளறினான். எங்கம்மா உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே அழுதாள். புண் ஆறியது, நெறியும் கரைந்தது.

அப்புறம் தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம் போட்டார்கள். ஊர் நன்றாக இருக்கட்டும் என்று சொல்லி அஞ்சலையின் அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். வழக்கு ஒன்றும் இல்லாமல் போனது. அஞ்சலை பிற்பாடு மாரிமுத்துவைக் கட்டிக்கொண்டாள். அந்த மாரிமுத்துதான் என் கொல்லையில் மரவள்ளி வைக்கிறவர்.

4

இனி வியாதிக்கு வருகிறேன். எனக்கு வந்ததற்கு லிம்போமா என்று பேர், நிணநீரில் வருகிற புற்றுநோய். புண் இல்லாமல் நெறி கட்டுகிற வியாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை கீமோ ஏற்றினார்கள். வாய் முழுக்கப் புண், முடி போய்விட்டது, குடலைப் பிடுங்கி வெளியே போடுகிற மாதிரி வாந்தி. கட்டி எல்லாம் கரைந்தது. ஊருக்கு, "சின்னக் கட்டி, எடுத்துட்டாங்க, இப்ப சரியாயிடுச்சி" என்று மட்டும் சொன்னேன். எங்கள் பக்கத்தில் அந்த வியாதியின் பேரை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். அந்த நோவு என்பார்கள், இல்லாவிட்டால் கையால் கழுத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். நாற்பது தேசத்து ஜனங்களை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டுகிறேன், எனக்கும் அந்தப் பேர் வாயில் வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்துத் திரும்ப வந்தது. இந்தத் தடவை வேறு மருந்து, முன்னைவிடக் கடுமை. நான்தான் செத்துப் பிழைத்தேன், கட்டி அசையவில்லை. அதில் ஒரு துண்டை வெட்டி எடுத்து ஜீன் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னாள். கீமோ மருந்து செல்லைப் போட்டு அடிக்கும். அடிபட்ட செல், இனித் தேறமாட்டோம் என்று தானே செத்துப்போக வேண்டும். செத்துப்போ என்று உத்தரவு போடுகிறது ஒரு ஜீன். அதற்குப் பேர் டிபி ஐம்பத்து மூன்று. உன் கட்டியில் அந்த ஜீனிலேயே மியூட்டேஷன் ஆகியிருக்கிறது, மாறிப்போயிருக்கிறது. உத்தரவு போட ஆளில்லை. அதனால் எவ்வளவு அடித்தாலும் அந்தச் செல் சாகாது என்றாள்.

"முதலிலேயே இருந்ததா, பிறகு வந்ததா?" என்று கேட்டேன்.

"ஒரு சில செல்களில் முதலிலேயே இருந்திருக்கலாம். மருந்து மற்றதைக் கொன்றது. சாகாதது மட்டும் தங்கிப் பெருகியிருக்கலாம்" என்றாள். பிறவியில் வந்ததல்ல, மகளுக்குப் போகாது என்றும் சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் காலில் விழலாம் போலிருந்தது.

புதிதாக ஒரு மாத்திரை இருக்கிறது, அது கொஞ்ச காலம் அடக்கி வைக்கும், ஆனால் எனக்கிருக்கும் மியூட்டேஷனோடு மறுபடியும் கிளம்பிவிடும். அடங்கியிருக்கும்போதே இன்னொருவருடைய ஸ்டெம் செல்லை, ரத்தம் ஊறுகிற மூலச் செல்லை, எனக்கு ஏற்றினால் அது உள்ளே போய் என் கட்டியோடு சண்டை போடும். கூடப் பிறந்தவர்கள் பொருந்தினால் ரொம்ப நல்லது. யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். ஒரே ஒரு தம்பி என்றேன்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். அழுதுகொண்டே கலிக்கு வாட்ஸப்பில் குரல் பதிவு பண்ணி அனுப்பினேன். அது இன்னும் என் போனில் இருக்கிறது. பேசினது இதுதான்:

"தம்பி, ரிப்போர்ட்டு வந்துடுச்சிடா. அம்பத்திமூணுல மியூட்டேஷன் ஆயிடுச்சாம். இனிமே பழைய வழி எதுவும் செல்லாதுன்னுட்டாங்க. நீ ஒத்துக்கினு கையெழுத்து போட்டாதான் எனக்கு ஆவும். ஒன்ன வுட்டா எனக்கு யாரு இருக்கறாங்க? ஊர்ல யார் காதுலயும் போடாத. மாரிமுத்துகிட்ட நானே பேசிக்கிறேன்."

5

என் தம்பி என்ன தொழில் பண்ணுகிறான் என்று இன்னும் சொல்லவில்லை. பத்திர ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடுவே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஜனங்களுக்குப் பட்டா மாற்றிக் கொடுக்கிறவன். பட்டாவில் ஒருத்தர் பேரை எடுத்து இன்னொருத்தர் பேரை ஏற்றுவதற்கு அந்த ஆபீஸ் வட்டாரத்தில் மியூட்டேஷன் என்றுதான் பேர். அவன் காதுக்கு அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தமே கிடையாது.

எங்கப்பா பிரித்துக் கொடுத்ததில் சர்வே நம்பர் ஐம்பத்து இரண்டு கலிக்கு, ஐம்பத்து மூன்று எனக்கு. இரண்டும் இன்னும் அப்பா பேரில்தான் கிடக்கிறது, பேர் மாற்ற வாரிசுகள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்குக் கொல்லை என்று கலி உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்ததும், மாரிமுத்து என்னை மயக்கி எழுதி வாங்கிவிடுவார் என்று பயந்துகொண்டிருந்ததும் எனக்குத் தெரியும். நான் கையெழுத்து என்றது ஆஸ்பத்திரிச் சம்மதத்துக்கு, மாரிமுத்து பேரை எடுத்தது என் வியாதியை அவர் வீட்டில் நானே சொல்லிக்கொள்கிறேன் என்பதற்கு. டாக்டர் ஐம்பத்து மூன்று என்றபோது எனக்குக் கொல்லை நம்பர் ஞாபகத்துக்கே வரவில்லை. சாகப்போகிறவளுக்கு எந்த நம்பர் ஞாபகம் வரும்?

மறுநாள் லீவு எழுதிக் கொடுக்க டிப்போவுக்குப் போயிருந்தபோது அஞ்சலை போன் பண்ணினாள். எப்போதும் செல்வியம்மா, நல்லா இருக்கறீங்களா என்று ஆரம்பிப்பவள்.

"ஏம்மா, பட்டா மாத்தணும்னா மாத்திக்கினு போங்க. எங்கள எதுக்கு அடி வாங்க வெச்சீங்க? அவரு இன்னாம்மா பண்ணாரு ஒங்களுக்கு?"

"எந்தப் பட்டா? யாரு அடிச்சது? இன்னா சொல்ற அஞ்சலை?"

"ஒங்க தம்பிய கேளுங்க. கை ரெண்டா தொங்குது. பெரியாஸ்பத்திரில படுத்துக்கினு இருக்கறாரு. மரவள்ளிய எல்லாம் புடுங்கிப் போட்டுட்டு, மோட்டார கெணத்துல தள்ளிட்டு, அதுக்கு மேலதான் ஆள அடிச்சிருக்காரு."

உடனே கலிக்குப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"இன்னாடா பண்ணித் தொலச்ச?"

"அடிச்சேன்! நான்தான் அடிச்சேன், இன்னா இப்ப? மம்புட்டி காம்பால அடிச்சேன். கைய தூக்கித் தடுத்தான், கையிலயே வுழுந்துது. அடுத்தது தலையில வெச்சிருப்பேன், ஆளுங்க வந்து புடிச்சிக்கினாங்க. எங்கப்பன் கொல்லைய அந்தப் பய பேருக்கு மியூட்டேஷன் பண்ணிட்டு என்னையே கையெழுத்து போடச் சொல்றியா நீ? ஒடம்பொறந்தவளாடி நீ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஐம்பத்து மூன்று. மியூட்டேஷன். கையெழுத்து. மாரிமுத்து. நெற்றியில் அடித்துக்கொண்டு அலறினேன்.

"டேய் பாவி! கொல்லை இல்லடா! என் ஒடம்புடா! எனக்கு கேன்சர்டா! ரெண்டாந்தரம் வந்துட்டுது. மருந்து கேக்கல. ஒன் ரத்தம் வேணும்னு கேட்டேன்டா நாயே!"

பேரைச் சொன்னாலே ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிற ஊரில் பிறந்து, முதல் தடவையாக அந்தப் பேரைக் கத்திச் சொல்லியிருந்தேன். டிப்போ சாப்பாட்டு அறையில் இருந்த வெள்ளைக்காரர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள்.

"இன்னாக்கா சொல்ற?" என்றான் கலி. குரல் இல்லை, காற்றுதான் வந்தது. உடனே அஞ்சலைக்குப் போட்டு, அவன் தன் வாயாலேயே ஒத்துக்கொண்டான் என்று அழுதுகொண்டே சொன்னேன். அன்று சாயங்காலம் அவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. வன்கொடுமைச் சட்டத்தில் வழக்கு.

6

என் மகள் நிலா வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். மாதம் ஒரு தரம் வருவாள், வரும்போதே போகிற ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருப்பாள். தமிழ் புரியும், பேச வராது. இந்த விஷயம் தெரிந்ததும் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்து, என் செல்லை எடுத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரிடம் கையை நீட்டினாள். பிள்ளைகள் பாதிதான் பொருந்துவார்கள், ஆனாலும் இப்போதெல்லாம் அது போதுமாம். பரிசோதித்தார்கள்.

ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். கர்ப்பத்தில் பிள்ளை இருக்கும்போது அதன் ரத்தத்தைத் தாயின் உடம்பு அந்நியம் என்று அடையாளம் வைத்துக்கொள்ளுமாம், சில பேருக்கு அது போகவே போகாதாம். இவள் செல்லை ஏற்றினால் என் உடம்பே அதைக் கொன்றுபோடும். நிலா அன்றைக்கு என் மடியில் படுத்துக்கொண்டு அழுதாள். பெற்று வளர்த்தது போக என் ரத்தம் இவளோடு இத்தனை வருஷமாகப் பகை வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறது. யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? வேறு ஆள் தேடலாமென்றால், உலகம் முழுக்கப் பேர் கொடுத்தவர்களின் பட்டியலில் நம் பக்கத்து ஜனங்கள் ரொம்பக் கம்மியாம். பொருத்தம் கிடைக்கவில்லை.

கலி ஜாமீனில் வந்ததும், கன்னத்தின் உட்பக்கம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பினான். பத்துக்குப் பத்துப் பொருத்தம். டாக்டரம்மா இவ்வளவு நல்ல பொருத்தம் அபூர்வம் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நான் சிரிக்கவில்லை.

அவன் இங்கே வரத் தேவையில்லை. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் எடுத்து உறைய வைத்து அனுப்பலாம். அதற்குச் சில நாள் அங்கே தங்க வேண்டும். ஆனால் ஜாமீனில் போட்ட நிபந்தனை, தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். கோர்ட்டில் அனுமதி கேட்கலாம், அடிபட்டவர்கள் பக்கம் ஆட்சேபித்தால் கஷ்டம் என்றார் கலியின் வக்கீல். அதோடு அவர் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்திருந்தார்: மாரிமுத்துதான் முதலில் அரிவாளை ஓங்கினார், வரப்பில் கால் தடுக்கி விழுந்து கை ஒடிந்தது என்று சொல்லிவிடலாம். கொல்லையில் இருந்த ஆட்கள் எங்கள் சாதிக்காரர்கள், அவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள்.

"நீ அஞ்சலைகிட்ட பேசுக்கா. கேஸ வாபஸ் வாங்கச் சொல்லு. ஒனக்காக வாங்குவாங்க" என்றான் கலி.

7

பேசினேன். மாரிமுத்து போனை வாங்க மாட்டேன் என்றுவிட்டார். கைக்குள் இரும்புத் தகடு வைத்திருக்கிறார்கள், விரல் மடங்கவில்லை, சோற்றை இடது கையால் அள்ளுகிறார். அஞ்சலைதான் பேசினாள். செல்வியம்மா என்று கூப்பிடுவது போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்ட மாதிரி செல்வி என்றாள்.

"செல்வி, ஒனக்கு ஒடம்பு முடியலன்னு கேட்டதும் எனக்கு அழுகைதான் வந்துது. பொய் சொல்லல. ஆனா ஒன்னு கேக்கறேன். எங்க வூடு எரிஞ்சப்ப எங்கப்பன் கையெழுத்து போட்டாரு. ஊரு நல்லா இருக்கணும்னாங்க, போட்டாரு. கொளுத்துனவனுங்க எல்லாம் எங்க எதிர்லயே மீச முறுக்கிக்கினு போனானுங்க. எங்கப்பன் சாவுற மட்டும் தல நிமிரல. இப்ப நீ நல்லா இருக்கணும்னு நான் கையெழுத்து போடணுமா?"

"வாபஸ் வாங்கச் சொல்லல அஞ்சலை" என்றேன். சொல்லத்தான் கூப்பிட்டேன். அவள் கேட்ட கேள்விக்கு மேல் அதைக் கேட்க எனக்கு முகமில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போவ மட்டும் வுடுங்க. மறிக்காதீங்க."

பின்னால் மாரிமுத்து ஏதோ முனகுவது கேட்டது.

"போவட்டும். மறிக்கல" என்றாள். "ஆனா ஒன் தம்பி எங்க ஆளு மேலயே பழி போட்டுக்கினு திரியறான். அரிவாள தூக்குனாராம், தானா வுழுந்தாராம். பார்த்தவனுங்க ஒருத்தனும் வாயத் தொறக்கல. நான்தான் அடிச்சேன்னு அவன் வாயாலயே ஒன்கிட்ட சொன்னானா இல்லியா? நீயே அன்னிக்கி எங்கிட்ட அழுதுக்கினே சொன்ன. அத கோர்ட்டுல வந்து சொல்லு."

"அவன் எனக்கு ரத்தம் குடுக்கப் போறவன் அஞ்சலை."

"குடுக்கட்டும். வாங்கிக்கோ. அப்பறம் சொல்லு."

சரி என்றேன். அவள் கேட்டதில் ஒரு எழுத்து கூடத் தப்பில்லை. இதை நான் ஊர்க்காரர்கள் எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

8

நிலா தெளிவாகச் சொன்னாள். சாட்சி சொல்லப் போவதை மாமாவிடம் இப்போது சொல்லாதே மம். செல்லை எடுத்து அனுப்பட்டும், ஏற்றி முடிக்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள். இங்கிலீஷில் சொன்னாள், கை இரண்டையும் கூப்பிக்கொண்டு சொன்னாள். டாக்டரும் சொல்லியிருந்தாள், கொடுப்பவர் கடைசி நிமிஷம் வரை மாட்டேன் என்று சொல்லலாம், அவரைக் கட்டாயப்படுத்த யாராலும் முடியாது என்று.

மாத்திரை அடக்கி வைத்திருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று தெரியாது. கழுத்தைத் தடவாமல் நான் ஒரு காலை கூட எழுந்ததில்லை. உயிர் மேல் எனக்கு ஆசை இருக்கிறது. வெட்கப்படாமல் எழுதுகிறேன், ஆசை ரொம்பவே இருக்கிறது. நிலா சொன்ன மாதிரி வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்று மூன்று நாள் நினைத்தேன்.

முடியவில்லை. அவனை ஏமாற்றி அவன் ரத்தத்தை வாங்கி உள்ளே ஓடவிட்டு, காலம் முழுக்க அதைச் சுமந்துகொண்டு திரிய என்னால் ஆகாது. கோர்ட் அனுமதி வந்த அன்றைக்குக் கலியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

"கலி, நீ எங்கிட்ட சொன்னத நான் கோர்ட்டுல சொல்லப் போறேன். நீதான் அடிச்சன்னு. அவரு அரிவாள தூக்கலன்னு. மொதல்லயே சொல்லிட்டேன். இதுக்கு மேல நீ குடுக்கறதும் குடுக்காததும் ஒன் இஷ்டம்."

முதலில் சிரித்தான். அப்புறம் ஆரம்பித்தான். அவன் திட்டியதை இங்கே எழுத முடியாது. என்னைப் பெற்றவளில் ஆரம்பித்து, நான் ஓட்டுகிற பஸ்ஸில் முடித்தான். "சாவுடி! அங்கியே கெடந்து சாவு! என்ன ஜெயிலுக்கு அனுப்பறதுக்கு என் ரத்தம் வேணுமா ஒனக்கு?" என்றான். அப்புறம் என்னமோ உடைகிற சத்தம் கேட்டது. போன் நின்றுவிட்டது. சுவரில் அடித்து உடைத்திருக்கிறான்.

அதற்குப் பிறகு அவனிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை. சென்னைக்குப் போக வேண்டிய நாள் வந்தது. நிலா என்னோடு பேசவில்லை, சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து டம் என்று வைத்துவிட்டுப் போனாள். நான் மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்துக் கிடந்தேன். செய்தது சரிதான் என்று எனக்குத் தெரியும். சரியாகச் செய்தவள் பிழைப்பாள் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை, அதுவும் தெரியும்.

இன்றைக்கு மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"நான்தான்" என்றான். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம். யாரோ ஒரு நர்ஸ் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கடா இருக்கற?"

"சென்னையில. வேற எங்க இருப்பேன்? தெனம் ஊசி போடறானுங்க, செல்லு நெறைய ஊறணுமாம். எலும்பு எலும்பா ஒடிச்சிப் போட்டாப்ல வலிக்குது. படுக்க முடியல, ஒக்கார முடியல." நிறுத்தினான். எலும்பு ஒடிவது பற்றிச் சொன்னது அவனுக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். "நாளைக்கு எடுக்கறாங்க" என்றான் மெதுவாக.

ஒன்று கேட்டாக வேண்டும். மறந்துபோய் வந்திருந்தால்? நான் மனசு மாறிவிடுவேன் என்று நினைத்து வந்திருந்தால்?

"கலி, நான் சொன்னது ஞாபகம் இருக்குதில்ல? நான் சாட்சி சொல்லுவேன்டா."

"இருக்குது இருக்குது. எனக்கு இன்னா காது செவிடா?" என்று எரிந்து விழுந்தான். "கூண்டுல ஏறி எனக்கு எதிரா பேசணும்னா நீ உசுரோட இருக்கணும் இல்ல? செத்துப் போயிட்டா எவ வந்து சொல்லுவா? இரு. இருந்து சொல்லு."

வைத்துவிட்டான்.